புல்லுக்கும் ஒரு சங்கம்: மேய்ச்சல் நில அறிஞர்களும் கரிசல் கீதாரிகளும்

ஆனைக்குட்டம் என்றதும் விருதுநகர், சிவகாசி பக்கத்து மக்களுக்கு நினைவுக்கு வருவது அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே நிற்கும் அணைதான். அடுத்ததாகப் பட்டாசு ஆலைகள். இந்த ஊருக்கும் 'மேய்ச்சல் நில மேலாண்மை' என்ற கனமான படிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோடையில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். தண்ணீர் வற்றிய இடமெல்லாம் பச்சை தெரியும். பச்சை தெரிகிற இடமெல்லாம் ஆடு தெரியும். ஆட்டுக்குப் பின்னால் தோளில் தொரட்டியோடு ஒருவர் நடந்துகொண்டிருப்பார்.

அவர் செய்வது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்கு உலகம் முழுவதும் பல்கலைக்கழகப் பாடமும், ஆய்வு இதழ்களும், ஆண்டு மாநாடுகளும், தொழில்முறைச் சங்கங்களும் இருக்கின்றன. மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் சங்கம் இருப்பது போலப் புல்வெளியைப் பராமரிப்பவர்களுக்கும் சங்கம் உண்டு! அந்தச் சங்கங்கள் எப்படிப் பிறந்தன, என்ன செய்தன, தொரட்டி பிடித்தவருக்கு அதில் எப்போதாவது நாற்காலி போட்டார்களா என்பதுதான் இந்தக் கட்டுரை.

புழுதியில் பிறந்த படிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் யாருக்கும் சொந்தமில்லாத பொது நிலத்தில் லட்சக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மேய்ந்தன. யார் முதலில் வந்தாரோ அவருக்குப் புல். கேட்க ஆளில்லை. சில பத்தாண்டுகளில் புல் அழிந்து மண் வெளியே தெரிந்தது. 1930களில் நடுச் சமவெளியில் வறட்சியும் தவறான உழவும் சேர்ந்து பெரும் புழுதிப் புயல்களைக் கிளப்பின. 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. பொது நிலத்தில் மேய்க்க அனுமதிச் சீட்டும் கட்டணமும் கட்டாயமாயின.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா? ஒரு ஏக்கரில் எத்தனை மாடு மேயலாம், எந்த மாதத்தில் விடலாம், எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டுமே! ஆர்தர் சாம்ப்சன் என்பவர் 1923லேயே இதற்கென ஒரு பாடநூல் எழுதியிருந்தார். அந்த நூலையும் அதன் வழிவந்த பாடங்களையும் படித்தவர்கள் வனத்துறையிலும் மண் பாதுகாப்புத் துறையிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனால் அவர்களுக்கென்று தனி மேடை இல்லை. வனவியல் சங்கத்தில் மரம்தான் முக்கியம், வேளாண் சங்கத்தில் பயிர்தான் முக்கியம். புல்லைப் பற்றிப் பேச இடம் கிடைக்கவில்லை.

அதனால் 1948 ஜனவரியில் சால்ட் லேக் நகரில் கூடி ஒரு தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜோசப் பெச்சனெக் முதல் தலைவர். அதே ஆண்டு சங்கத்தின் ஆய்வு இதழும் வெளிவந்தது. இன்று உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்டிருக்கும் மேய்ச்சல் நில மேலாண்மைச் சங்கம் இதுதான்.

பிரிவுகளும் போட்டிகளும்

அந்தச் சங்கத்தின் அமைப்பு கவனிக்க வேண்டிய ஒன்று. தலைமை ஓர் இடத்தில் இருந்தாலும் உயிர் பிரிவுகளில்தான் இருக்கிறது. ஒரு மாநிலமோ, பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் சிலவோ சேர்ந்தால் ஒரு பிரிவு. அந்தப் பிரிவுக்குத் தனித் தலைவர், தனிக் கூட்டம், கோடைக்காலச் சுற்றுலா எல்லாம் உண்டு. சுற்றுலா என்றால் பூங்கா பார்க்கப் போவதில்லை. யாராவது ஒரு பண்ணையாளரின் நிலத்துக்குப் போவார்கள். பேராசிரியர், அரசு அலுவலர், மாட்டுக்காரர், மாணவர் எல்லாரும் ஒரே புல்தரையில் நின்று, இந்தப் புல் ஏன் குறைந்தது, அந்த முள் ஏன் பெருகியது என்று வாதாடுவார்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

மாணவர்களுக்கும் அங்கே பெரிய இடம் உண்டு. ஆண்டு மாநாட்டில் செடி அடையாளம் காணும் போட்டி நடக்கும். பட்டியலில் 200 செடிகள். காய்ந்த மாதிரியை மேசையில் வைப்பார்கள். பார்த்த உடனே பெயர், குடும்பம், ஓராண்டுச் செடியா பல்லாண்டுச் செடியா, நாட்டுச் செடியா வெளியிலிருந்து வந்ததா என்று எழுத வேண்டும். இதற்காகப் பல்கலைக்கழக அணிகள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும். கிரிக்கெட் அணிக்குத் தேர்வு நடப்பது போல இதற்கும் தேர்வு நடக்கும்!

இந்தக் கூட்டுறவுதான் அந்தச் சங்கத்தின் பலம். மாடு வளர்ப்பவரும் உறுப்பினர், விஞ்ஞானியும் உறுப்பினர். கருத்து வேறுபாடு நிறைய உண்டு. ஆனால் சண்டை ஒரே கூரைக்குள் நடந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டுப் பக்கம் வரலாம்.

இங்கே முதலில் வந்தது சீட்டு

இந்தியாவில் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி அரசு யோசிக்கத் தொடங்கியது வனத்துறை வழியாகத்தான். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதுவரை ஊர்க்காடாக இருந்த பல குன்றுகளும் புதர்க்காடுகளும் காப்புக்காடு ஆயின. மாடு மேய்க்க அனுமதிச் சீட்டு வேண்டும், தலைக்கு இவ்வளவு கட்டணம் என்று ஆனது. வெள்ளாடு என்றாலே வன அலுவலர்களுக்கு ஆகாது. அது மரக்கன்றின் எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மக்கள் இதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் மாவட்டத்துப் பல்நாடு பகுதியில் 'புல்லரி' எனப்பட்ட மேய்ச்சல் வரியை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடந்தது. ஒத்துழையாமை இயக்க காலம் அது. போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய கன்னெகண்டி ஹனுமந்து 1922 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். உப்புக்கு வரி போட்டதை எதிர்த்த போராட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். புல்லுக்கு வரி போட்டதை எதிர்த்தும் ஒருவர் உயிர் கொடுத்திருக்கிறார்.

அதாவது அமெரிக்காவில் சட்டத்துக்குப் பின்னால் ஒரு சங்கம் வந்தது. இங்கே சட்டத்துக்குப் பின்னால் வந்தது காவலரும் அபராதமும். மேய்ப்பவரோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் தொடக்கத்திலேயே விட்டுப்போனது. பின்னால் நடந்த பலவற்றுக்கு இது ஒரு காரணம் எனலாம்.

ஜான்சியில் ஒரு நிறுவனம்

விடுதலைக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. ஆர்.ஓ. வைட் என்ற அறிஞர் இந்தியாவின் புல்வெளி, தீவன வளங்களைப் பற்றி எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. 1962 நவம்பரில் உத்தரப் பிரதேசத்து ஜான்சியில் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவுக்கு அதன் மண்டல நிலையம் கர்நாடகத்துத் தார்வாடில் இருக்கிறது.

இந்தியாவில் என்னென்ன புல் எங்கெங்கே வளர்கிறது என்று ஊர் ஊராகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதை வைத்து டபட்காவோ, சங்கரநாராயண் இருவரும் எழுதிய நூல் 1973இல் வந்தது. நாட்டின் புல்வெளிகளை ஐந்து பெரும் வகைகளாக அந்த நூல் பிரித்தது. தீபகற்பத்தின் பெரும்பகுதி 'செஹிமா - டைகாந்தியம்' வகையில் அடங்கும். நம் கரிசல் காடும் அதற்குள்தான் வருகிறது.

இந்த ஜான்சி நிறுவனத்தை மையமாகக் கொண்டு இயங்குவதுதான் இந்திய மேய்ச்சல் நில மேலாண்மைச் சங்கம். மேய்ச்சல் நிலம், வேளாண் காடு ஆகியவற்றுக்கான ஆய்வு இதழை ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிடுகிறது. கருத்தரங்குகள் நடத்துகிறது. அதன் பெரிய சாதனை 2015 நவம்பரில் நடந்தது. 1927இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்கிய சர்வதேசப் புல்வெளி மாநாட்டின் 23ஆவது கூட்டத்தைப் புதுதில்லியில் இந்தச் சங்கம்தான் நடத்தியது. உலக நாடுகளின் புல் அறிஞர்கள் எல்லாம் தில்லிக்கு வந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறை வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ரகங்கள் இன்று தண்ணீர் வசதி உள்ள பால்மாட்டுக்காரர் வீடுகளில் எல்லாம் இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல்லிலும் ரகங்கள் வந்தன. அதற்கு முன்பே, ஓசூர் கால்நடைப் பண்ணையில் பணியாற்றிய லிட்டில்வுட் 1936இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி விரிவான நூல் எழுதியிருந்தார்.

இவை எல்லாம் பாராட்ட வேண்டியவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒட்டுப்புல்லுக்கு வேலியும் கிணறும் வேண்டும். ஆனைக்குட்டத்துக் கரையில் தொரட்டியோடு நிற்பவரிடம் இரண்டும் இல்லை. அவருடைய புல் மழையை நம்பி யாருடைய நிலத்திலோ முளைப்பது. அந்தப் புல்லுக்கு மேலாண்மை செய்தது யார்?

கிடை என்ற சங்கம்

கரிசல் காட்டில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில் அறுவடை. பயிர் நிற்கும் காலத்தில் ஆட்டுக்கு வயலில் இடமில்லை. கண்மாய்க் கரை, ஓடை, புறம்போக்கு, மலையடிவாரம் என்று ஒதுங்கித்தான் மேய வேண்டும். அறுவடை முடிந்ததும் காடு முழுவதும் திறந்துகொள்ளும். தட்டை, தாள், உதிர்ந்த தானியம், களை எல்லாம் தீவனம். பிறகு கோடை. அப்போது கருவேலங்காயும் வெள்வேலங்காயும் தொரட்டியால் இழுத்துப் போடும் தழையும்தான் கதி.

இந்தக் கணக்கை ஒரு ஆள் தனியாகச் சமாளிக்க முடியாது. அதனால்தான் 'கிடை' பிறந்தது. பல பேருடைய ஆடுகள் ஒன்றாகச் சேரும். அவற்றுக்குத் தலைமை ஒரு கீதாரி. எந்த ஊருக்கு எப்போது போவது, யார் நிலத்தில் எத்தனை இரவு கிடை போடுவது, அதற்கு நெல்லோ பணமோ எவ்வளவு பேசுவது, எந்தக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஒரு ஆடு அடுத்தவர் பயிரில் வாய் வைத்துவிட்டால் பஞ்சாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இளங்குட்டிகளைக் கூடாப்பில் அடைத்துவிட்டு மற்ற ஆடுகளைப் பத்திக்கொண்டு போவார்கள். இரவில் முறை வைத்துக் காவல்.

நிலத்துக்காரருக்கு உரம், ஆட்டுக்காரருக்கு மேய்ச்சலும் கூலியும். வேதி உரம் வருவதற்கு முன்னால் கரிசலின் விளைச்சலுக்கு ஆட்டுக்கிடையும் மாட்டுக்கிடையும் முக்கியமான ஆதாரம். கோவில்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். அதை வைத்து அம்ஷன் குமார் 2003இல் 'ஒருத்தி' என்று படம் எடுத்தார். சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலும் ஆடு மேய்ப்பவர்களின் வாழ்க்கையைச் சொல்வதுதான்.

உறுப்பினர்கள், தலைவர், விதிமுறை, தகராறு தீர்க்கும் வழி, அறிவை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் முறை... ஒரு தொழில்முறைச் சங்கத்துக்கு வேண்டிய எல்லாமே கிடையில் இருந்தன. செடி அடையாளம் காணும் போட்டி கூட ஒரு வகையில் இருந்தது. எந்தத் தழை பால் கூட்டும், எது வயிற்றுப்போக்கு தரும், எதைத் தின்றால் ஆடு செத்துவிடும் என்று தெரியாத சிறுவனிடம் யாரும் கிடையை ஒப்படைக்க மாட்டார்கள். கிடையில் இல்லாதது பதிவு எண்ணும் இதழும்தான்.

மேற்கே மலையடிவாரத்தில் இன்னொரு முறை. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, சேத்தூர் பக்கத்தில் 'மலைமாடு' என்ற நாட்டு மாடுகள் உண்டு. சமவெளியில் பயிர் நிற்கும்போது மாடுகள் மலைக்குப் போகும். அறுவடை முடிந்ததும் இறங்கி வந்து வயல்களில் கிடை அமரும். சிவகங்கை மாவட்டத்துப் புளிகுளம் ஊரின் பெயரைக் கொண்ட புளிகுளம் மாடுகளும் இப்படிக் கிடைமாடுகளாகவே வளர்பவை. ஜல்லிக்கட்டில் பெயர் பெற்ற காளைகள் பலவும் இந்த இனமே.

கொங்கு நாட்டில் முறை வேறு. காங்கேயம் பகுதியில் 'கொரங்காடு' என்று தனியார் மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். பாடநூலில் 'சுழற்சி மேய்ச்சல்' என்று வருவது இதுதான். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

அறிஞர்கள் மனம் மாறிய கதை

சுமார் அறுபது ஆண்டுகள் மேய்ச்சல் நிலப் படிப்பு ஒரே நம்பிக்கையில் ஓடியது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு 'தாங்குதிறன்' உண்டு, அதற்கு மேல் ஆடு மாடு விட்டால் நிலம் கெடும், குறைத்தால் நிலம் தானாகத் தேறிவிடும் என்பதே அது. 1968இல் காரெட் ஹார்டின் 'பொதுவின் அவலம்' என்ற கட்டுரையை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பொது மேய்ச்சல் நிலம். பொதுவாக விட்டால் ஒவ்வொருவரும் ஒரு மாடு கூடுதலாக விடுவார்கள், கடைசியில் எல்லாருக்கும் அழிவு என்றார். நாடோடி மேய்ப்பர்கள்தான் பாலைவனத்தை உண்டாக்குகிறார்கள் என்ற பேச்சுக்கு இது பெரிய ஆயுதமாகப் போய்விட்டது.

பிறகு காற்று திசை மாறியது. எலினோர் ஆஸ்ட்ரோம் 1990இல் எழுதிய நூலில், பொது வளத்தை ஊர் மக்களே விதி வைத்து நூற்றாண்டுகளாகக் காத்த உதாரணங்களை அடுக்கினார். அதற்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஹார்டின் சொன்னது யாரும் கேட்காத நிலத்தைப் பற்றி. கீதாரியும் ஊர்ப் பஞ்சாயத்தும் இருக்கும் நிலம் அப்படியல்ல என்பது புரிந்தது.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1948இல் தொடங்கிய அந்த அமெரிக்கச் சங்கத்தின் இதழிலேயே 1989இல் வெஸ்ட்பி, வாக்கர், நோய்-மெய்ர் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மழை நிச்சயமில்லாத வறண்ட நிலத்தில் நிலையான தாங்குதிறன் என்று ஒன்றை நம்பி நிர்வகிக்க முடியாது. நல்ல ஆண்டு வந்தால் பயன்படுத்திக்கொள்ளவும், மோசமான ஆண்டில் விலகவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எளிய தமிழில் சொன்னால், "மழை பெஞ்ச பக்கம் கிடையைப் பத்து" என்பதுதான்! கீதாரி காலாகாலமாகச் செய்வதை அறிஞர் சங்கம் நாற்பது ஆண்டு கழித்துத் தன் இதழில் அச்சிட்டது.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. தவறான நம்பிக்கையைச் சங்கத்தின் சொந்த இதழிலேயே கேள்வி கேட்க முடிந்தது என்பதுதான் அந்தச் சங்கத்தின் பெருமை. அதே நேரம், நாடோடி மேய்ப்பை முட்டாள்தனம் என்று நினைத்து வகுத்த சட்டங்கள் மட்டும் பல நாடுகளில் மாறவே இல்லை.

வேலியும் புலியும்

இப்போது ஆனைக்குட்டத்துக்குத் திரும்பலாம். 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து சிவகாசியின் கதை மாறியது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்று தொழில்கள் வளர்ந்தன. மழை பொய்த்த பூமிக்கு இவை சோறு போட்டன. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் பட்டாசு ஆலை நெருக்கமாகக் கட்டும் கட்டடம் அல்ல. வெடிவிபத்து பரவாமலிருக்க ஒவ்வொரு அறைக்கும் இடையே இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அதனால் ஒரு ஆலைக்கே ஏக்கர் கணக்கில் நிலம் வேலிக்குள் போகும். வேலி போட்ட இடம் பெரும்பாலும் மானாவாரி நிலமும் தரிசும். அதாவது கிடை மேய்ந்த நிலம். போதாததற்கு, மீதிப் புறம்போக்கையும் கண்மாய்களையும் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதன் காயை ஆடு விரும்பித் தின்னும். தின்று போட்ட புழுக்கையிலிருந்தே அது மேலும் பரவும். அடியில் புல் முளைப்பது அரிது. வயல்களும் டிராக்டர் உழவுக்கும் வேதி உரத்துக்கும் மாறியதால் கிடை உரத்துக்கான தேவை குறைந்தது. தினக்கூலி கையில் கிடைக்கும் ஆலை வேலையை விட்டுவிட்டு மகன் ஏன் ஆட்டுக்குப் பின்னால் வெயிலில் நடக்க வேண்டும்?

ஊர்ப் பொது நிலங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. பல ஊர்களில் மந்தைப் புறம்போக்குதான் இல்லை.

மேற்கே மலையடிவாரத்தில் பிரச்சினை வேறு மாதிரி. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், நிலையாக வாழ்பவர்களுக்கும் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களுக்கும் பாரம்பரிய மேய்ச்சல் உரிமை உண்டு என்று எழுத்தில் சொல்கிறது. ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்கள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மேய்ப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதத்தில் உத்தரவு திருத்தப்பட்டு, தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்றானது. பர்கூர் மலை போன்ற இடங்களில் மூச்சு விட்டார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு புலிகள் காப்பகம் ஆயிற்றே! மலைமாட்டுக்காரர்களுக்குத் திருத்தம் வந்தும் பெரிய நிம்மதி வரவில்லை.

புலி வேண்டும், காடு வேண்டும். நோய் தொற்றும் என்றும், மான் தின்ன வேண்டிய புல்லை மாடு தின்றுவிடும் என்றும் வனத்துறை அஞ்சுவதில் நியாயம் உண்டு. மாடு மேய்ந்த புல்வெளியில் தீ குறையும், களை குறையும் என்று மேய்ப்பவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எந்த மலைச்சரிவில், எந்த மாதத்தில், எத்தனை மாடு என்று இரு தரப்பும் ஒரே புல்தரையில் நின்று பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது. அப்படிப் பேச ஒரு கூரை இல்லாததால்தான் அது நீதிமன்றப் படியேறியது.

மேய்ப்பவர்களின் சங்கம்

இந்த வெற்றிடத்தில் சில நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. மதுரையைச் சேர்ந்த சேவா என்ற தன்னார்வ அமைப்பு பி. விவேகானந்தன் தலைமையில் நாட்டு இனக் கால்நடை வளர்ப்பவர்களை ஊர் ஊராகத் தேடிப் போனது. புளிகுளம், மலைமாடு, பர்கூர் மாடு வளர்ப்பவர்களைச் சங்கங்களாகச் சேர்த்தது. கொரங்காடு முறையை ஆவணப்படுத்தியது. 'நம்வழி வேளாண்மை' இதழை நடத்தியது. நாட்டு இனங்களைக் காப்பவர்களுக்கான தேசிய விருதை, தேசியப் பல்லுயிர் ஆணையம் போன்றவற்றோடு சேர்ந்து வழங்கி வந்தது. பள்ளிக்கூடமே போகாத மேய்ப்பவர் ஒருவர் மேடையேறி விஞ்ஞானிகள் கையால் விருது வாங்குவது சின்ன விஷயமல்ல. காங்கேயம் பக்கத்தில் கார்த்திகேய சிவசேனாபதியின் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டையும் கொரங்காட்டையும் சேர்த்தே காக்க வேண்டும் என்று வலியுறுத்தி வருகிறது. புளிகுளம் இனமும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பின் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இப்படி ஒரு பக்கம் ஜான்சியில் அறிஞர்களின் சங்கம், இன்னொரு பக்கம் மதுரையிலும் வத்திராயிருப்பிலும் மேய்ப்பவர்களின் சங்கம். இரண்டும் ஒரே புல்லைப் பற்றித்தான் பேசுகின்றன. ஒன்றின் இதழ் ஆங்கிலத்தில், மற்றதன் பேச்சு கரிசல் தமிழில். நடுவில் பாலம் போட ஆள் வேண்டும்.

யார் போடுவது?

20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி (2019) தமிழ்நாட்டில் செம்மறி ஆடுகள் சுமார் 45 லட்சம், வெள்ளாடுகள் 98 லட்சத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை மேய்ந்தே வயிற்றை நிரப்புகின்றன. தீபாவளிக்கும் ஆடிக் கொடைக்கும் கறி எடுக்கும் ஒவ்வொரு வீடும் ஏதோ ஒரு புறம்போக்கின் புல்லுக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தப் புறம்போக்கு காணாமல் போனால் நஷ்டம் கீதாரிக்கு மட்டுமல்ல.

மங்கோலியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022 மார்ச்சில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. நிலத்தையும் மேய்ப்பவரையும் ஒரே தலைப்பில் சேர்த்ததுதான் அதில் நல்ல விஷயம். ஒன்றை விட்டு இன்னொன்றைக் காக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டதற்குச் சமம் அது.

தமிழ்நாட்டில் வேளாண்மை, கால்நடை மருத்துவம், வனவியல் படிக்கும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு வகுப்பு, ஒரே ஒரு நாள், கரிசல் காட்டில் ஒரு கிடையோடு நடந்து பார்க்கலாம். கீதாரி காட்டும் செடிகளின் பெயரை எழுதிக்கொண்டு, அவற்றின் தாவரவியல் பெயரைத் தேடி எடுத்து அவரிடமே திரும்பிப் போய்ப் படித்துக் காட்டலாம். 200 செடிப் பட்டியலை அமெரிக்க மாணவன் மனப்பாடம் செய்கிறான் என்றால், ஆனைக்குட்டத்துக் கரையின் பட்டியலை எழுதி வைக்க இங்கே ஒரு மாணவன் கிடைக்காமலா போவான்? கிழவர்கள் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு. அந்தப் பட்டியல் எந்த நூலகத்திலும் இல்லை, அவர்கள் தலையில்தான் இருக்கிறது.

சால்ட் லேக் நகரில் 1948இல் கூடியவர்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. புல்லைப் பற்றிக் கவலைப்பட்டவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். விருதுநகர் மாவட்டத்தில் அதற்கு அறை கூடத் தேவையில்லை. ஒரு வேப்பமரத்து நிழல் போதும். வன அலுவலர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், கீதாரி ஒருவர், குறிப்பெடுக்க மாணவர் ஒருவர். நாலு பேர் சேர்ந்தால் சங்கம்!